ஏழு நிமிடப் பொறுமை

அவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதுதான் கேள்வி. பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் மேலாளர், இன்னொருத்தி நான். சொன்ன மனிதருக்கே இப்போது அது நிச்சயமில்லை.

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் தொலைபேசியில் புகார் எடுப்பது என் வேலை. நீளமான அறை, நான்கு மேசை, நான்கு ஹெட்ஃபோன். லிஃப்ட் நின்றுவிட்டது, ஆடுகிறது, நாறுகிறது, முனகுகிறது என்று ஊரே எங்கள் காதில் வந்து கொட்டும். கேட்டதை இரண்டு வரியில் கணினியில் அடித்தால் அது மெக்கானிக்கின் கைபேசிக்குச் சீட்டாகப் போய்ச் சேரும். சீட்டில் விசிறி என்று இருந்தால் அவன் விசிறியைப் பார்ப்பான். அதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளைக்குப் பதினாறு கட்டடம் ஏறி இறங்குகிறவன்.

எனக்கு அங்கே பெயர் பஞ்சு மெத்தை. எவ்வளவு குத்தினாலும் சத்தம் வராதாம். மற்ற மூன்று பேரும் கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், சொந்தக் கதை சோகக் கதை பேசுகிறவர்கள் எல்லோரையும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். "அக்கா, உங்க ஆளு" என்று கண்ணடித்துவிட்டு இணைப்பை மாற்றுவார்கள். நானும் மறுக்காமல் வாங்கிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

பிறவியில் நான் பொறுமைசாலி கிடையாது. வீட்டில் சாவி ஓர் ஆணி மாறித் தொங்கினால் போதும், தாம்தூம் என்று குதிப்பேன். என் கணவர் சாது. "ஃபோன்ல பேசுற குரல்ல ஒரு நாள் என்கிட்டயும் பேசேன், வேணும்னா நானும் ஒரு புகார் குடுக்கறேன்" என்பார். அதற்கும் ஒரு கத்து கத்துவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆளை வாயை மூடச் சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். அந்த வாரம் சபையில் போதகர், நம் விசுவாசம் எத்தனை பெரியது என்பது நம்மை எரிச்சல்படுத்தும் முன்பின் தெரியாதவர்களிடம்தான் தெரியவரும் என்று பேசினார். என் முகத்தைப் பார்த்தே பேசினது போல் இருந்தது. அன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். எதிர்முனையில் ஆள் ஆரம்பித்ததும் நானும் மனதுக்குள் ஆரம்பித்துவிடுவேன்: "ஆண்டவரே, இவரைப் பொறுத்துக்கொள்ள எனக்குக் கிருபை தாரும்." மூச்சுக்கு ஒரு தடவை. அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே ஒரு "சரிங்க ஐயா", ஒரு "கண்டிப்பாங்க ஐயா". முப்பது நாற்பது தடவைக்குள் எப்பேர்ப்பட்ட ஆளும் தணிந்துவிடுவார். எனக்குக் கோபம் கிட்டவே வராது. சிலர் முடிவில் நன்றிகூடச் சொல்வார்கள்.

போதகர் இதைக் கேள்விப்பட்டு என்னைச் சபைக்கு முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தார். சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வீடுவரை காதிலேயே வைத்துக்கொண்டு போனேன். அது சரியில்லை என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆறாம் மாடி என்பது நாங்கள் ஒருவருக்கு வைத்த பெயர். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை நாட்களில் காலை ஒன்பது பத்துக்கு அவர் அழைப்பு வரும், கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். லிஃப்ட்டுக் கண்ணாடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. விசிறி சுற்றும்போது டக்கு டக்கென்று ஒரு சத்தம். கால்மிதியின் இடது மூலை இரண்டு அங்குலம் சுருண்டிருக்கிறது. மூன்றாம் மாடிப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால்தான் எரிகிறது. இவர் இருப்பதோ ஆறாம் மாடியில், மூன்றாம் மாடிப் பொத்தானோடு இவருக்கு என்ன பஞ்சாயத்து என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். எந்தப் புகாரைச் சொன்னாலும், "வீட்டம்மாவுக்குக் கண்ணு மங்கல்மா" என்று முடிப்பார். கால் தடுக்கும், வெளிச்சம் போதாது, சத்தம் கேட்டால் பயப்படுவாள் என்பார். பேச்சை நீட்ட அவர் வைத்திருக்கும் சாக்கு அது என்று நான் நினைத்தேன்.

முன்பெல்லாம் மற்றவர்களிடம், அரசாங்க லிஃப்ட் ஆய்வாளருக்கு எழுதிப் போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாராம். என்னிடம் வந்த பிறகு மிரட்டலை விட்டுவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒன்பது பத்துக்கு அழைத்தார். ஏழு நிமிடம் பேசினார். நான் ஏழு நிமிடமும் ஜெபித்தேன். வைத்ததும், விசிறிச் சத்தம், கண்ணாடி, கால்மிதி, வழக்கம்போல் என்று அடித்தேன். அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்த மதிய நேரத்தில் மெக்கானிக் வந்தான், விசிறிக்கு எண்ணெய் விட்டான், கண்ணாடியைத் துடைத்தான், போய்விட்டான். எல்லாம் பார்த்தாயிற்று என்று காவலாளி அவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை அவரும் மனைவியும் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா முன்னால் போய் லிஃப்ட் கதவின் கைப்பிடியை இழுத்தார். அது பழைய மாதிரி லிஃப்ட். மாடிக்கு மாடி வெளியில் ஒரு கதவு, கையால் இழுத்துத் திறக்க வேண்டும். பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் அதன் பூட்டு விடும். அன்று பெட்டி கீழே தரையில் நின்றது. ஆனாலும் கதவு திறந்தது. கண் மங்கலான அம்மா, எப்போதும் போலக் காலை எடுத்து உள்ளே வைத்தார்.

பதினொரு மணிக்கு மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். அன்று அவர் உதடு வெளுத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, செவ்வாய்க்கிழமை அழைப்பின் பதிவை ஓடவிட்டார்.

முதல் மூன்று நிமிடம் விசிறியும் கண்ணாடியும். பிறகு அவர் குரல் மாறவே இல்லை. அதே இழுவை, அதே சலிப்பு.

"அப்புறம் இன்னொண்ணும்மா. நேத்து சாயந்திரம் நான் கைப்பிடிய இழுத்தேன், கதவு தொறந்துக்கிச்சு. உள்ள பெட்டி இல்ல. வெறும் கயிறுதான் தொங்குது. பூட்டு புடிக்கல போல. நான் ஒரு நாற்காலிய குறுக்க போட்டு வெச்சிருக்கேன், வீட்டம்மா தெரியாம போயிடக் கூடாதுல்ல. உங்க ஆளு வந்து பாத்துட்டுப் போனதும் எடுத்துடலாமில்லம்மா?"

"கண்டிப்பாங்க ஐயா."

அது என் குரல். அப்படி ஓர் இதமான குரல். அம்மா பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற குரல். அவர் திருப்தியாக அடுத்தபடி கால்மிதிக்குப் போனார். எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. மறந்துபோனதால் இல்லை. அது என் காதுக்குள்ளேயே வரவில்லை.

மெக்கானிக் வந்தான் என்று கேட்டதும், செவ்வாய்க்கிழமை மாலை, அவர் நாற்காலியை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஒரு தாளை நீட்டினார். கதவைப் பற்றி அழைத்தவர் எதுவும் கூறவில்லை என்று அதில் இருந்தது. விசாரிக்க வந்த ஆய்வாளரிடம் அன்றைய பதிவு கிடைக்கவில்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். முப்பது நாள் ஆனால் பதிவு தானாக அழிந்துவிடும். "இங்க நாப்பது பேர் வேலை செய்யறாங்கம்மா" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். பயம்தான், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. வேலை போகும், வழக்கு வரும், சபையில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன். இந்த வரிசையில்கூட யோசிக்கவில்லை. சபைதான் முதலில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரோடு மல்லுக்கட்ட முடியவில்லை, உங்கள் ஜெபத்தை எனக்கும் எழுதிக் கொடுங்கள் என்றாள். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டில் நான் கத்துவதும் நின்றுவிட்டது. என் கணவர் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு பயந்துபோனார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கு அந்த எண் திரையில் வந்தது. அறையில் யாரும் கண்ணடிக்கவில்லை. என் மேசையில்தான் மணி அடித்தது. எடுத்தேன்.

"நீங்கதானேம்மா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

புகார் எதுவும் இல்லை. சொல்ல வந்ததை அவர் எங்கெங்கோ சுற்றித்தான் சொன்னார். நான் ஜெபிக்கவில்லை. ஜெபம் வரவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். கதவைப் பற்றி எங்களிடம் சொல்லியிருந்ததாக அவர் ஆய்வாளரிடம் கூறியிருக்கிறார். ஆய்வாளர் என் கையெழுத்திட்ட தாளைக் காட்டியிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்திருக்கும் மகன் அதைப் படித்துவிட்டு, நாள் தவறாமல் கண்ணாடியையும் கால்மிதியையும் பற்றிப் பேசுகிற மனிதர், பேச வேண்டியதை விட்டுவிட்டீர்களா அப்பா என்று கேட்டிருக்கிறான். அதோடு சரி, அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

"நான் சொன்னேனாம்மா?" என்றார். "விசிறி சொன்னது ஞாபகம் இருக்கு. கண்ணாடி சொன்னது ஞாபகம் இருக்கு. கதவையும் சொன்னேன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சு யோசிச்சு, சொல்லவே இல்லையோன்னு இருக்கு. சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. நீங்க ஒருத்தர்தான் நான் பேசறத பொறுமையா கேக்கறவங்க. அப்ப நான்தான் சொல்லல. சொல்லாமலே நாற்காலிய எடுத்துட்டேன். அப்படித்தானே?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டுச் சொல்றேங்க ஐயா" என்றேன்.

"சரிம்மா, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டார். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் இதைவிடத் தேவலை.

அன்று முழுக்க ஒரே கணக்குதான் ஓடியது. என் வேலை, என் பெயர், எங்கள் நிறுவனம் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு கிழவர், மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கப்போகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். விடியும்வரை யோசித்தேன். அத்தனை நேரம் எனக்குத் தேவைப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் தலைவலி என்று விடுப்பு சொல்லிவிட்டு அங்கே போனேன். லிஃப்ட்டுக் கதவுகளின் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். படியில் ஏறினேன். நாலாம் மாடியில் மூச்சு வாங்கியது, கொஞ்சம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் அங்கேதான் தோன்றியது. ஆறாம் மாடியில் இரண்டே வீடுகள், ஒன்று பூட்டிக் கிடந்தது. பலகை அடித்த கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு மர நாற்காலி இருந்தது. அதை யாரும் உள்ளே எடுத்துப் போகவில்லை.

மகன்தான் கதவைத் திறந்தான். நாற்பது வயது இருக்கும், தாடி வளர்ந்திருந்தது. லிஃப்ட் அலுவலகம் என்றதும் முகம் கடுத்தது. உள்ளேயிருந்து அவர், "யாரு, அந்தம்மாவா? குரல்லயே தெரியுது, உள்ள விடு" என்றார். அவன் விலகி வழிவிட்டான், பின் சமையலறைப் பக்கம் போய்விட்டான்.

நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஆள் சின்ன உருவம். ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூடத்தின் சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில், படுக்கையறையிலிருந்து சமையலறைவரை ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. வாசல் வரும் இடங்களில் எல்லாம் ஒரு முடிச்சு. அந்தம்மா தடவிக்கொண்டு நடப்பதற்காக அவரே அளந்து கட்டியது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு முடிச்சு என்றால் படுக்கையறை, இரண்டு என்றால் குளியலறை, மூன்று என்றால் சமையலறை. கயிறு தொய்வதால் மாதம் ஒரு தடவை இழுத்துக் கட்டுவாராம். லிஃப்ட்டிலும் அவள் பொத்தான்களை விரலால் எண்ணித்தான் அழுத்துவாள், மூன்று எரியாவிட்டால் எண்ணிக்கை பிசகிக் குழம்பிவிடுவாள் என்றார். இதையும் அவர் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார்.

பிறகு பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா? சொன்னேனா?"

"சொன்னீங்க ஐயா. நாலாவது நிமிஷத்துல சொன்னீங்க. கதவு தொறந்துக்கிச்சு, உள்ள பெட்டி இல்லன்னு சொன்னீங்க. நாற்காலி போட்டிருக்கேன்னு சொன்னீங்க. எடுத்துடலாமான்னு என்னைக் கேட்டீங்க. நான் கண்டிப்பான்னு சொன்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லியிருக்கேன்" என்றார், எனக்கில்லை, தனக்கே. மறுபடியும், "சொல்லியிருக்கேன்." நான் அழுதேன். அவருக்காக ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் கண்ணைத் திறந்தார். மீதி விஷயம் அப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது.

"அப்ப நீங்க?" என்றார். உடனே அவரே, "லைன் சரியில்லையாம்மா? சில நேரம் இரையும்" என்றார். அந்த மனிதர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நான் அதன் வழியாக வெளியே போயிருக்கலாம்.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்."

"ஜெபமா? எங்களுக்காகவா?"

"இல்லைங்க ஐயா. உங்களைப் பொறுத்துக்க எனக்குப் பெலன் குடுங்கன்னு. நீங்க பேச ஆரம்பிச்சா நான் அதை ஆரம்பிச்சுடுவேன். ஒரு நாள்கூட நீங்க பேசினதை நான் முழுசா கேட்டதில்ல."

அவர் கத்தவில்லை. கத்தினால் தாங்கிக்கொள்ள எனக்குப் பழக்கம் உண்டு. பிறகு மகனைக் கூப்பிட்டார். அவன் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான்.

"இவங்க ஒண்ணு சொல்றாங்க, கேளு" என்றார். என் பக்கம் திரும்பி, "முதல்லேருந்து சொல்லு" என்றார்.

அவன் முன்னால் மறுபடி சொன்னேன். பதிவு இருக்கிறது, அழிய இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றேன். நாளைக்கே ஆய்வாளரிடம் போய்ச் சொல்லப்போகிறேன், நான் கையெழுத்துப் போட்டது பொய் என்றும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவன் என்னை ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நான் எழுந்தேன். அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை.

"உக்காரு" என்றார் அவர். "மீதியையும் சொல்லு. அன்னிக்கு நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு இவன்கிட்ட சொல்லு."

உட்கார்ந்தேன். என்னென்னவோ திக்கித் திணறி, முன்னுக்குப் பின்னாக, சபையில் கைதட்டியது வரைக்கும் சொன்னேன். ஏழு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், தலையைச் சாய்த்து, முழுவதையும் கேட்டார்.